குழந்தைகளில் வைரஸ் தொற்றை ஒட்டி வரும் முகவாதம்

முகத்தின் ஒரு பக்கத் தசைகள் திடீரெனச் செயலிழந்து, வாய் மறுபக்கம் கோணி, கண்ணை மூட முடியாமல் போகும் நிலைக்கு முகவாதம் என்று பெயர். முகநரம்பு எனப்படும் ஏழாவது கபால நரம்பு பாதிக்கப்படுவதால் இது வருகிறது. பல குழந்தைகளிடம் ஒரு சளிக்காய்ச்சலோ அம்மையோ வந்து போன சில நாள்களில் தலைகாட்டும். தேடிப் பார்த்தும் வேறு காரணம் பிடிபடாதபோது மருத்துவர்கள் அதைப் ‘பெல் வாதம்’ என்று எழுதுகிறார்கள். பேச்சுவழக்கில் ‘வாய் கோணிக்கிச்சு’, ‘முகம் இழுத்துக்கிச்சு’, ‘காத்து அடிச்சிருச்சு’ என்பார்கள்.

இந்நோய் கண்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் முழுதாகத் தேறிவிடுகிறார்கள். அந்த நல்ல செய்தியை இரண்டு வரியில் சொல்லி முடித்துவிடலாம். விரித்துச் சொல்ல வேண்டியவை வேறு இரண்டு: ஒன்று, மூடாத கண்ணுக்கு நேரக்கூடிய தீங்கு, மற்றொன்று, இதே கோணல் முகத்துடன் வந்து நிற்கும் வேறு நோய்கள்.

பெயர் வந்த வழி

நோய் பழையது. ஆயுர்வேத நூல்கள் இதை அர்திதம் என்று வாத நோய்களில் வைத்தன. பாரசீக மருத்துவர் அல்-ராஸி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே முகம் கோணுவதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஜெர்மானிய மருத்துவர் நிக்கோலாஸ் பிரீட்ரிக் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நோயாளிகள் சிலரின் நிலையைத் தெளிவாகப் பதிவு செய்தார். ஆனால் பெயர் போய்ச் சேர்ந்தது எடின்பரோவில் பிறந்த அறுவை மருத்துவர் சார்லஸ் பெல்லுக்கு. முகத்தை அசைக்கும் நரம்பு வேறு, முகத்தில் தொடுவுணர்வைத் தரும் நரம்பு வேறு என்பதை 1820களில் அவர் லண்டன் ராயல் சொசைட்டியில் அளித்த கட்டுரைகள் நிலைநாட்டின. முகவாதம் வந்த குழந்தையின் கன்னத்தைத் தொட்டால் அதற்குத் தெரியும். ஆனால் அந்தக் கன்னம் சிரிக்காது. பெல் பிரித்துக் காட்டியது இதைத்தான்.

‘காத்து அடிச்சிருச்சு’ என்பது நம் ஊருக்கு மட்டும் உரிய எண்ணம் இல்லை. பிரெஞ்சு மருத்துவ நூல்களில் இந்நோய்க்கு வழங்கும் பெயரே ‘குளிரால் வந்த முகவாதம்’ என்று பொருள்படும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்ததால்தான் வந்தது என்று ஆதாரத்துடன் சொல்ல யாராலும் முடிந்ததில்லை. ஜன்னலோர இருக்கைக்கு ஆசைப்பட்ட பிள்ளையைத் திட்டுவதில் பயன் ஒன்றும் இல்லை.

நரம்பு போகும் பாதை

இந்த நரம்பு எளிதில் மாட்டிக்கொள்வதற்குக் காரணம் அது போகும் பாதை. மூளைத்தண்டில் கிளம்பி, காதை உள்ளடக்கிய பொட்டெலும்புக்குள் நுழைந்து, ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் நீளமுள்ள எலும்புக் குழாய் வழியே வளைந்து வளைந்து போகிறது. உடலில் வேறெந்த நரம்புக்கும் எலும்புக்குள் இவ்வளவு நீண்ட பயணம் இல்லை. 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய உடற்கூறியலாளர் கப்ரியேலே ஃபலோப்பியோ விவரித்ததால் இது ஃபலோப்பியன் கால்வாய் எனப்படுகிறது. பெண்களின் கருக்குழாய்க்கும் அவர் பெயரே இருப்பதால் மாணவர்கள் குழம்புவது உண்டு. கால்வாயின் தொடக்கத்தில் ஓரிடம் ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இல்லை. நரம்பு வீங்கினால் சுற்றியிருக்கும் எலும்பு விலகிக் கொடுக்காது. வீக்கம் நரம்பின் இரத்த ஓட்டத்தையே நெரிக்கிறது. இரத்தம் குறைந்ததும் வீக்கம் மேலும் கூடுகிறது. இரவில் நன்றாகத் தூங்கப் போன பிள்ளை காலையில் கோணிய வாயுடன் எழுவதற்கு இந்த நெரிசலே காரணமாகக் கருதப்படுகிறது.

கால்வாய்க்குள்ளேயே நரம்பிலிருந்து சில கிளைகள் பிரிகின்றன. ஒன்று கண்ணீர்ச் சுரப்பிக்கு. ஒன்று நடுக்காதில் அங்கவடி எலும்பைப் பிடித்திருக்கும் சின்னஞ்சிறு தசைக்கு. உரத்த ஓசை வரும்போது அதைத் தணிப்பது அந்தத் தசையின் வேலை. இன்னொன்று நாவின் முன் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து சுவையை எடுத்து வருவது. இவற்றைக் கடந்து காதுமடலுக்குக் கீழே வெளிவந்த பிறகே நரம்பு கன்ன உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் புகுந்து, நெற்றி முதல் கழுத்து வரை ஐந்து கிளைகளாக விரிகிறது.

குழந்தைகளுக்கு இதில் இரண்டு தனித்தன்மைகள் உண்டு. பிறந்த குழந்தைக்குக் காதின் பின்பக்க எலும்பு முனை இன்னும் வளர்ந்திருக்காது. நரம்பு வெளிவரும் இடம் தோலுக்கு வெகு அருகில் கிடக்கிறது. ஆயுதம் போட்டு எடுத்த பிரசவங்களில் அது நசுங்குவது இதனால்தான். நடுக்காதை ஒட்டிப் போகும் பகுதியில் கால்வாயின் எலும்புச் சுவர் பலருக்கு முழுதாக மூடியிருப்பதில்லை. அங்கே சீழ் கட்டினால் நரம்பு நேராகவே சிக்கிக்கொள்கிறது.

எந்த வைரஸ்கள்

பெல் வாதம் குழந்தைகளிடம் குறைவு, ஆனால் அபூர்வம் இல்லை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து ரோசெஸ்டர் நகரில் எடுத்த கணக்கின்படி, பத்து வயதுக்கு உட்பட்டவர்களில் ஆண்டுக்கு லட்சத்துக்கு ஏறக்குறைய 3 பேருக்கும், பத்து முதல் இருபது வயதுள்ளவர்களில் லட்சத்துக்கு 10 பேருக்கும் வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும், இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

முதல் சந்தேகம் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வகை 1 மேல். காய்ச்சலுக்குப் பிறகு உதட்டோரம் கொத்தாகக் கொப்புளம் போடுவது இந்த வைரஸே. சிறு வயதில் ஒருமுறை உடலுக்குள் புகுந்துவிட்டால் நரம்பணு முடிச்சுகளில் ஒளிந்துகொண்டு வாழ்நாள் முழுதும் இருக்கும். முகநரம்பு வளையும் இடத்திலும் அப்படி ஒரு முடிச்சு இருக்கிறது. அங்கே தூங்கிய வைரஸ் விழித்துக்கொள்வதே பெல் வாதம் என்ற கருத்து 1972இல் முன்வைக்கப்பட்டது. 1996இல் ஜப்பானைச் சேர்ந்த முரகாமி குழுவினர், நரம்பின் நெரிசலைத் தளர்த்த அறுவை செய்துகொண்ட 14 நோயாளிகளின் நரம்புநீரைச் சோதித்து, 11 பேரிடம் இந்த வைரஸின் மரபுப் பொருளைக் கண்டார்கள். வலுவான சான்று, என்றாலும் அவர்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள். எல்லாப் பெல் வாதத்துக்கும் இதுவே காரணம் என்று முடிவுகட்ட அது போதாது.

இரண்டாவது, சின்னம்மையை உண்டாக்கும் வேரிசெல்லா சோஸ்டர். அம்மை இறங்கிய பிறகும் இந்த வைரஸ் நரம்பு முடிச்சில் தங்கி, பின்னாளில் அக்கியாக வெளிப்படும். முகநரம்பில் அக்கி வந்தால் காதுக்குள்ளும் காதுமடலிலும் சில வேளை அண்ணத்திலும் கொப்புளங்கள், கடுமையான காதுவலி, தலைசுற்றல், காது மந்தம் ஆகியவற்றோடு முகம் கோணும். அமெரிக்க நரம்பியலாளர் ஜேம்ஸ் ராம்சே ஹண்ட் 1907இல் விவரித்ததால் இது ராம்சே ஹண்ட் நோய்க்குறி எனப்படுகிறது. குழந்தைகளிடம் இதில் ஒரு கண்ணி இருக்கிறது: கொப்புளம் முகவாதத்துக்குப் பிறகு சில நாள் கழித்து வரலாம், வராமலே போகலாம். முதல் நாள் காது சுத்தமாக இருந்தது என்பதற்காக நான்காம் நாள் பார்க்காமல் விடக் கூடாது. அம்மை போட்டிருக்கும்போதே, அல்லது கொப்புளம் தெரிவதற்குச் சில நாள் முன்னரேகூட, முகம் கோணிய குழந்தைகளும் உண்டு. அம்மை கண்ட வீட்டில் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை மருந்து கூடாது என்று காத்திருக்கும் வழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. வேப்பிலை இருக்கட்டும், முகம் கோணிவிட்டால் காத்திருக்கக் கூடாது. இந்த வைரஸுக்கான மருந்து முதல் மூன்று நாளில் கொடுத்தால்தான் நன்றாகக் கேட்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொண்டைப்புண், கழுத்தில் நெறிக்கட்டு, நீண்ட காய்ச்சல் ஆகியவற்றோடு சில சமயம் இரு பக்க முகத்தையும் செயலிழக்கச் செய்யும். பொன்னுக்கு வீங்கி வைரஸ், ஃபுளூ வைரஸ், கை-கால்-வாய் நோயைத் தரும் என்டரோவைரஸ்கள், கொரோனா வைரஸ் ஆகியவற்றை ஒட்டியும் முகவாதம் பதிவாகியிருக்கிறது. மூளைத்தண்டைத் தாக்கும் போலியோவும் முகத்தைச் செயலிழக்கச் செய்யும். இந்தியாவில் காட்டுப் போலியோவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் கண்டறியப்பட்டார்.

தடுப்பூசி பற்றியும் ஒரு சொல். 2000ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் அறிமுகமான, மூக்கில் தெளிக்கும் ஃபுளூ தடுப்புமருந்து ஒன்று பெல் வாத வாய்ப்பைப் பல மடங்கு கூட்டியது தெரியவந்து திரும்பப் பெறப்பட்டது. அந்த ஒரு தயாரிப்பின் கதையை வைத்து எல்லாத் தடுப்பூசிக்கும் பழி போடுவது சரியல்ல. சின்னம்மை, பொன்னுக்கு வீங்கி இரண்டுக்குமே நல்ல தடுப்பூசிகள் இருக்கின்றன. இலங்கை 2011இலேயே பொன்னுக்கு வீங்கித் தடுப்பூசியைத் தன் தேசியத் திட்டத்தில் சேர்த்துவிட்டது. இந்திய அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இவை இரண்டும் நெடுங்காலமாக இடம்பெறவில்லை. காசு கொடுத்துத்தான் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

வீட்டில் முதலில் தெரிவது

காலையில் பல் தேய்த்து வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகுகிறது. பால் குடித்தால் கடைவாயில் வடிகிறது. இட்லியை மென்றால் ஒரு கன்னத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது. பிள்ளை விரலை விட்டு எடுக்கிறது. ‘ப’, ‘ம’ வரும் சொற்கள் குழறுகின்றன. கைக்குழந்தை என்றால் தூங்கும்போது ஒரு கண் பாதி திறந்தே கிடக்கும். சிரிக்காத, அழாத நேரத்தில் முகம் கிட்டத்தட்டச் சரியாகவே தெரியும். அழத் தொடங்கியதும்தான் ஒரு பாதி முகம் சுருங்க, மறுபாதி துணி விரித்தாற்போல் அசையாமல் கிடப்பது தெரியும்.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நேர்கிறது. வாய் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம்தான் நோய் என்று வீட்டார் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. இழுக்கும் பக்கம் நலமாக இருப்பதால்தான் இழுக்கிறது. எதிர்ப்பக்கத்தில் இழுத்துப் பிடிக்க ஆள் இல்லை. கண்ணுக்குச் சொட்டு மருந்தை நல்ல பக்கத்துக்கு விட்டுக்கொண்டிருந்த வீடுகள் உண்டு.

முந்தைய ஓரிரு நாள் காதின் பின்புறம் வலித்திருக்கலாம். பாதித்த பக்கத்துக் காதில் ஓசை வலியாக விழலாம். அடுக்களையில் குக்கர் விசில் அடித்தால் அந்தக் காதை மட்டும் பொத்திக்கொள்ளும் பிள்ளை அதைத்தான் சொல்கிறது. சுவை மங்குவதைப் பெரிய பிள்ளைகள் மட்டுமே சொல்வார்கள். கண்ணீர் சுரப்பு குறைந்தாலும், கீழிமை தளர்ந்து தொங்குவதால் இருக்கிற கண்ணீர் கன்னத்தில் வழியும். பெற்றோர் அதைக் கண்டு ‘கண்ணில் தண்ணீர் இருக்கிறதே, காயவில்லை’ என்று எண்ணிவிடுகிறார்கள். பலவீனம் பொதுவாக மூன்று நாளுக்குள் உச்சத்தைத் தொட்டுவிடும்.

நெற்றி சொல்லும் சேதி

முகம் கோணியதும் வீட்டார் அஞ்சுவது பக்கவாதத்தை. குழந்தைகளுக்கும் பக்கவாதம் வருவதுண்டு என்பதால் அச்சத்தைப் புறந்தள்ள முடியாது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது நெற்றி. நெற்றித் தசைக்கு மூளையின் இரு பாதிகளிலிருந்தும் ஆணை வருகிறது. மூளைக்குள் ஒரு பக்கம் பழுதானால் வாய் கோணும், ஆனால் புருவத்தை உயர்த்தினால் நெற்றியில் கோடுகள் இரு பக்கமும் விழும். முகநரம்பே பழுதானால் அந்தப் பக்க நெற்றி பலகைபோல் மழமழவென்று இருக்கும். ‘மேலே ஃபேனைப் பார், தலையைத் தூக்காமல் பார்’ என்றால் நான்கு வயதுப் பிள்ளைகூட இதைச் செய்து காட்டும். நெற்றி நன்றாகச் சுருங்கி வாய் மட்டும் கோணியிருந்தாலும், கை கால் பலவீனம், நடை தள்ளாட்டம், வாந்தியுடன் தலைவலி, இரட்டைப் பார்வை, மயக்கம் இவற்றில் ஒன்று சேர்ந்திருந்தாலும் அது அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு உரியது. இரவா பகலா என்று பார்க்க வேண்டியதில்லை.

கண்களை இறுக மூடச் சொன்னால் பாதித்த பக்கத்தில் இமை மூடாது. விழி மட்டும் மேல்நோக்கி உருண்டு வெள்ளை தெரியும். பார்ப்பவருக்குத் திகிலாக இருக்கும். உண்மையில் அது கருவிழியைக் காக்க இயற்கை வைத்த ஏற்பாடு. இதற்கும் பெல்லின் பெயரே. பலவீனத்தின் அளவை மருத்துவர்கள் 1985இல் வகுக்கப்பட்ட ஹவுஸ்-பிராக்மன் அளவுகோலில் 1 முதல் 6 வரை குறிப்பார்கள். 1 என்றால் இயல்பு, 6 என்றால் அசைவே இல்லை.

வைரஸ் என்று எழுதுவதற்கு முன்

பெல் வாதத்தை உறுதிசெய்ய இரத்தச் சோதனை எதுவும் கிடையாது. மற்றவை இல்லை என்று தெரிந்த பிறகு மிஞ்சுவதே அது. ஒரு வாரம் முன்பு சளி பிடித்திருந்தது என்பது வைரஸுக்குச் சாட்சி ஆகாது. பள்ளிக்குப் போகும் எந்தப் பிள்ளைக்குத்தான் போன வாரம் சளி இல்லை?

முதலில் காது. சிறு குழந்தைகளிடம் நடுக்காதுச் சீழ் முகவாதத்துக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. செவிப்பறையை விளக்கிட்டுப் பார்க்காமல் பெல் வாதம் என்று சொல்வது அவசரம். சீழ் இருந்தால் ஆன்டிபயாட்டிக் வேண்டும். செவிப்பறையில் சிறு துளையிட்டு வடிக்கவும் நேரலாம். காதின் பின்னே வீங்கி, மடல் முன்னே தள்ளியிருந்தால் தொற்று எலும்புக்குப் போயிருக்கலாம்.

அடுத்தது இரத்த அழுத்தம். பலருக்கு இது வியப்பாக இருக்கும். சிறுநீரக நோயாலோ, பிறவியிலேயே பெருந்தமனி குறுகியிருப்பதாலோ இரத்த அழுத்தம் கடுமையாக உயர்ந்த குழந்தையிடம் முதன்முதலில் கண்ணில் படும் அறிகுறி முகவாதமாக இருக்கலாம். அந்தக் குழந்தைக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் அழுத்தம் மேலும் ஏறும். பிள்ளையின் கைக்குப் பொருந்தும் சிறிய பட்டையால் அளக்க இரண்டு நிமிடம் போதும். பெரியவர்களின் பட்டையைச் சுற்றினால் அளவு குறைத்துக் காட்டி ஏமாற்றிவிடும்.

மூன்றாவது இரத்தப் புற்றுநோய். அரிதுதான், ஆனால் தவறவிட்டால் விலை பெரிது. வெளிறிய முகம், காரணமின்றித் தோலில் நீலத் திட்டுகள், விடாத காய்ச்சல், கால் எலும்பு வலி, கழுத்திலும் அக்குளிலும் நெறிக்கட்டு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் ஸ்டீராய்டின் முதல் வேளைக்கு முன்பே இரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்துவிட வேண்டும். லுகீமியா அணுக்களை ஸ்டீராய்டு தற்காலிகமாகக் கரைத்துவிடும். நோய் மறைந்துகொள்ளும், கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். எல்லாக் குழந்தைக்கும் இச்சோதனை வேண்டுமா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சில நூறு ரூபாய்ச் சோதனை, எடுத்துவிடுவதே நல்லது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

இரண்டு பக்கமும் செயலிழந்தால் அதைப் பெல் வாதம் என்று ஏற்கவே தயங்க வேண்டும். கால்களும் தளர்ந்து, முழங்காலைத் தட்டினால் துள்ளல் இல்லாதிருந்தால் கில்லன்-பாரே நோய்க்குறியைத் தேட வேண்டும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் குழந்தைகளின் முகவாதத்துக்கு லைம் நோய் பெரிய காரணம். அது வைரஸ் அல்ல. உண்ணிக் கடியால் பரவும் பாக்டீரியா, ஆன்டிபயாட்டிக்கில் தீரும். கனெக்டிகட், நியூ ஜெர்சி பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் கோடையில் பிள்ளைக்கு முகம் கோணினால், ஊரில் உள்ள பாட்டியிடம் வைத்தியம் கேட்பதற்கு முன் உண்ணியை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பலவீனம் மூன்று வாரத்துக்கு மேலும் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போனால் கட்டியைத் தேட எம்ஆர்ஐ வேண்டும். திரும்பத் திரும்ப வந்து, உதடு வீங்கி, நாக்கில் வெடிப்புகளும் இருந்தால் மெல்கர்சன்-ரோசென்தால் நோய்க்குறி. பிறந்தது முதலே அழும்போது கீழுதட்டின் ஒரு மூலை மட்டும் இறங்காமல், கண்ணும் நெற்றியும் சரியாக இருந்தால் அது வாதமே இல்லை. உதட்டை இறக்கும் ஒரு சிறு தசை வளராமல் போனது.

கண்ணைக் காப்பது

முகவாதத்தில் உயிருக்கு ஆபத்தில்லை; கண்ணுக்கு உண்டு. மூடாத கண்ணில் கருவிழி உலர்ந்து, புண்ணாகி, தழும்பு விழுந்தால் முகம் சரியான பிறகும் பார்வை திரும்பாது. குழந்தைகளுக்குப் பெரியவர்களைவிட இமை சற்று நன்றாக மூடும் என்பது ஆறுதல், விலக்கு அல்ல.

பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, மணிக்கொரு தடவை வரைகூட. இரவில் கண்ணுக்கான களிம்பு தடவி, மேலிமையை மெதுவாக இறக்கி, தோலுக்குத் தோதான டேப்பால் ஒட்டலாம். பஞ்சையோ துணிக்கட்டையோ திறந்த கண்மேல் நேராக வைத்துக் கட்டக் கூடாது. கட்டுக்குள் இமை திறந்துகொண்டால் துணி நேரே கருவிழியை உரசும். வெயிலிலும் புழுதியிலும் வெளியே போகும்போது கண்ணாடி. ஃபேன் காற்று நேரே முகத்தில் படாமல் பாயைத் திருப்பிப் போட்டாலே பாதி வேலை முடிந்தது. கண் சிவந்தாலோ, வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ அன்றே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தாய்ப்பாலோ, விளக்கெண்ணெயோ, இலைச்சாறோ கண்ணில் விட வேண்டாம்.

மருந்து

பெரியவர்களுக்கு ஸ்டீராய்டு பயன்படும் என்பது தெளிவு. 2007இல் வெளிவந்த ஸ்காட்லாந்து ஆய்வில் பிரெட்னிசோலோன் எடுத்தவர்களில் ஒன்பதாம் மாதத்தில் 94 விழுக்காட்டினர் முழுதாகத் தேறினர். எடுக்காதவர்களில் 82 விழுக்காடு. இந்த எண்ணையே வைத்துக்கொண்டு உலகமெங்கும் குழந்தைகளுக்கும் அதே மருந்து எழுதப்பட்டது.

குழந்தைகளிடமே சோதித்துப் பார்த்தது ஆஸ்திரேலிய, நியூசிலாந்து அவசர மருத்துவர்களின் கூட்டாய்வு. 2022இல் வெளிவந்தது. நோய் கண்ட 72 மணி நேரத்துக்குள் வந்த 187 பிள்ளைகளில் ஒரு பாதிக்குப் பத்து நாள் பிரெட்னிசோலோனும் மறுபாதிக்கு மருந்தில்லாத போலிச் சாறும் கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் முழுதாகத் தேறியோர் மருந்து எடுத்தவர்களில் 49 விழுக்காடு, போலிச் சாறு குடித்தவர்களில் 57 விழுக்காடு. மூன்றாம் மாதத்தில் 90, 85. ஆறாம் மாதத்தில் 99, 93. ஒரு மாதக் கணக்கில் மருந்து எந்த நன்மையும் காட்டவில்லை. பிந்தைய மாதங்களின் சிறு வேறுபாடு உறுதியாக எதையும் சொல்லப் போதவில்லை. திட்டமிட்டதைவிடக் குறைவான பிள்ளைகளே ஆய்வில் சேர்ந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே இன்று ஒரு மருத்துவர் ஸ்டீராய்டு எழுதினால் அது தவறில்லை, எழுதாவிட்டால் அதுவும் தவறில்லை. முகம் முற்றிலும் செயலிழந்த பிள்ளைக்குப் பலரும் எழுதுகிறார்கள். கொடுப்பதானால் முதல் மூன்று நாளுக்குள், காதையும் அழுத்தத்தையும் இரத்தத்தையும் பார்த்துவிட்டு.

வைரஸுக்கு எதிரான அசைக்ளோவிர் சாதாரணப் பெல் வாதத்தில் குழந்தைகளுக்குப் பயன்தருவதாக நிறுவப்படவில்லை. அக்கியோ சின்னம்மையோ கூட இருந்தால் கதை வேறு. அங்கே அது தாமதிக்காமல் கொடுக்க வேண்டிய மருந்து. வைட்டமின் பி12 ஊசி நம் ஊரில் தாராளமாகப் போடப்படுகிறது. ஊசி வலிக்கு ஈடான சான்று அதற்கு இல்லை. பிசியோதெரபியில் ‘கரண்ட் வைப்பது’ பற்றிக் காக்ரேன் தொகுப்பாய்வு ஆராய்ந்து, பயன் இருப்பதாகக் காட்ட முடியவில்லை என்றது. கண்ணாடி முன் நின்று மெல்ல உதட்டைக் குவிப்பதும் புருவத்தை உயர்த்துவதும் நல்லது. பலூன் ஊதச் சொல்லி வலிந்து பழக்குவதை வல்லுநர்கள் பலர் விரும்புவதில்லை. நல்ல பக்கமே எல்லா வேலையையும் எடுத்துக்கொள்ளும், கோணல் கூடித் தெரியும்.

பள்ளிக்கு அனுப்பலாம். ஆசிரியரிடம் முன்கூட்டியே ஒரு சொல் சொல்லி வைத்தால் ‘கோணவாயன்’ என்ற பட்டப்பெயர் வகுப்பில் வேர்விடாமல் பார்த்துக்கொள்வார். இது யாருக்கும் ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை.

தேறுதல்

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் பீட்டர்சன் என்ற மருத்துவர் 25 ஆண்டுகளாக, மருந்தே கொடுக்காமல் பெல் வாத நோயாளிகள் 1,701 பேரைக் கவனித்துக் குறித்து வைத்தார். எல்லா வயதினரையும் சேர்த்து 71 விழுக்காட்டினருக்கு முகம் பழையபடி ஆனது. பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களில் 90 விழுக்காடு. 85 விழுக்காட்டினரிடம் முதல் மூன்று வாரத்துக்குள் ஏதோ ஓர் அசைவு தெரியத் தொடங்கியது. அப்படி விரைவில் அசைவு கண்டவர்களே முழுதாகத் தேறினார்கள். ராம்சே ஹண்ட் நோய்க்குறியில் தேறுதல் இதைவிட மந்தம். அதிலும் குழந்தைகள் பெரியவர்களைவிட நன்றாகவே மீள்கிறார்கள். ஏறக்குறைய நூற்றில் ஏழு பேருக்குப் பெல் வாதம் மறுபடியும் வரலாம்.

நரம்பு இழைகள் நெரிபட்டு மட்டும் நின்றிருந்தால் வாரங்களில் மீளும். அறுந்து சிதைந்திருந்தால் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில் புதிதாக வளர வேண்டும். வளரும் இழைகள் சில வழிமாறி வேறு தசைக்குப் போய்விடும். சிரித்தால் கண் மூடும், கண் சிமிட்டினால் வாயோரம் துடிக்கும். இதற்குக் கூட்டசைவு என்று பெயர். உமிழ்நீருக்குரிய இழை கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய்விட்டால் சாப்பிடும்போதெல்லாம் கண்ணீர் வழியும். இதை மருத்துவர்கள் முதலைக் கண்ணீர் என்கிறார்கள்.

மிகச் சிலருக்குக் கோணல் தங்கிவிடுகிறது. கனடாவின் பிரதமராக 1993 முதல் 2003 வரை இருந்த ழான் கிரெத்தியேன் சிறு வயதில் இந்நோய் கண்டவர். வாய் ஒரு பக்கமாகவே பேசும். 1993 தேர்தலில் போட்டிக் கட்சி ஒன்று அவர் முகத்தைக் காட்டி விளம்பரம் செய்தது. தான் வாயின் ஒரு பக்கத்தால் மட்டுமே பேசுகிறவன், எதிரிகளைப் போல இரு பக்கமும் பேசத் தெரியாது என்று அவர் திருப்பிக் கொடுத்தார். விளம்பரம் செய்த கட்சி அதுவரை ஆளுங்கட்சி; அத்தேர்தலில் அதற்குக் கிடைத்தவை இரண்டே இடங்கள்.

தங்கிவிட்ட கோணலுக்கு இன்று வழிகள் உண்டு. கூட்டசைவைத் தளர்த்த போட்டாக்ஸ் ஊசி, முகத்துக்கென்றே பயிற்சி பெற்றவர்களிடம் உடற்பயிற்சி, கடைசியாக வேறு நரம்பையோ தொடைத் தசையையோ எடுத்து வைக்கும் அறுவை. இவற்றில் சிலவற்றுக்குக் காலம் முக்கியம். அசையாத தசை ஆண்டுக்கணக்கில் கிடந்தால் சுருங்கி வீணாகிவிடும். எனவே வாரம் ஒருமுறை பிள்ளை சிரிப்பதையும் கண் மூடுவதையும் ஒரே இடத்தில் நிறுத்தி செல்பேசியில் எடுத்து வையுங்கள். மூன்று மாதம் ஆகியும் அந்தப் படங்களில் சிறு அசைவும் தெரியவில்லை என்றால், ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று யார் சொன்னாலும் கேட்காமல், பிள்ளையை மறுபடி மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். பெல் வாதம் பெரும்பாலும் அவ்வளவு நாள் அசையாமல் இருப்பதில்லை.